அலையும் மலையும் பெற்ற கட்டுமரம்

பெரம்பூர்க்காரர்களுக்குக் கடல் என்பது விடியற்காலையில் காசிமேட்டிலிருந்து கூடையில் ஏறி வந்து சேரும் சங்கதி. கிழக்கே ஐந்தாறு கிலோமீட்டர் போனால் கரை. ஆனாலும் ஊருக்குள் அலைச்சத்தம் கேட்டதாக யாரும் சொல்லிக் கேள்விப்பட்டதில்லை. இங்கே கேட்பது பட்டறைச் சங்கும், ரயில் பெட்டிகளை முன்னும் பின்னும் தள்ளும் ஓசையும்தான். இரும்பு ஊர் இது. இங்கே உட்கார்ந்துகொண்டு கட்டுமரம் பிறந்த கதையை எழுதுவானேன் என்று கேட்கலாம். கட்டுமரத்தைப் பெற்ற அதே நில அமைப்புதான், வெகுகாலம் கழித்து, பெரம்பூருக்கு ரயில் பட்டறையையும் கொண்டுவந்தது. அதனால்தான்.

கரையிலிருந்து தொடங்குவோம். கோடியக்கரையில் ஆரம்பித்து வடக்கே பழவேற்காடு வரை வரைபடத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். ஏறக்குறைய ஒரே நேர்கோடு. கடலுக்குள் நீளும் மலைமுனை கிடையாது. கப்பல் ஒதுங்க வளைகுடா கிடையாது. காற்றை மறைக்கத் தீவு கிடையாது. எங்கு பார்த்தாலும் மணல். கடல் ஏற்றவற்றமும் சென்னையில் சுமார் ஒரு மீட்டர்தான். குஜராத்தில் காம்பே வளைகுடாவுக்குள் அது பத்து மீட்டரைத் தாண்டும். அங்கே ஏற்ற நீரே கப்பலை ஆற்றுக்குள் தூக்கிவந்து விட்டுவிடும், வற்று நீர் ஆற்றுவாயைக் கழுவிவிடும். லோத்தலும் பரூச்சும் அந்தத் தயவில் வாழ்ந்த ஊர்கள். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கூவம், அடையாறு, கொசஸ்தலையாறு மூன்றும் வருடத்தில் பெரும்பகுதி மெலிந்து கிடப்பவை. மழை வந்தால் முகத்துவாரத்தை உடைத்துக்கொண்டு ஓடும். மழை நின்றதும் கடல் மறுபடி மணலைக் கொண்டுவந்து கொட்டி வாயை அடைத்துவிடும்.

அந்த மணல் சும்மா கிடப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கரையோர நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே போகும். வாடைக் காலத்தில் திரும்பி வடக்கிலிருந்து தெற்கே வரும். சென்னை மீனவர்கள் முன்னதைத் தெண்டி என்பார்கள், பின்னதை வன்னி என்பார்கள். தெண்டி ஓடும் மாதங்கள் அதிகம். ஆகவே வருடக் கணக்கில் கூட்டிக் கழித்துப் பார்த்தால் மணல் வடக்கு நோக்கி நடந்துகொண்டே இருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாதியில் இந்த மணலுக்குப் பெரிய வேலை இருக்கிறது.

கரைக்கு இணையாக நீருக்கடியிலும் மணல் திட்டு உண்டு. ஆழ்கடலிலிருந்து வரும் அலை முதலில் அங்கே உடைகிறது. மீண்டும் எழுந்து, கரையை நெருங்கி இன்னொரு முறை உடைகிறது. இந்த வரிசைகளைத் தாண்டிப் போய் மீன் பிடிக்க வேண்டும், மீனோடு அதே வழியில் திரும்பி வர வேண்டும், வந்த பிறகு நிறுத்த இடமில்லாததால் கலத்தைக் கரைமேலேயே இழுத்துப் போட வேண்டும். குழிவான படகு முதல் வேலையிலேயே தோற்கும். உடையும் அலை உள்ளே விழுந்தால் நிரம்பும், கனக்கும், பக்கவாட்டில் திரும்பும், அடுத்த அலையில் கவிழும். அப்படியே பிழைத்து வந்தாலும் கூரான அடிப்பாகம் மணலில் புதைந்து நிற்கும்.

இதற்கு இந்தக் கரை கண்டுபிடித்த விடை, குழிவே இல்லாத கலம். மிதக்கும் மரக்கட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கட்டிவிட்டால் தண்ணீர் நிரம்புவதற்கு உள் என்று ஒன்று இல்லை. மேலே விழுந்த அலை இடுக்கு வழியே இறங்கிப் போய்விடும். ஓட்டை விழுந்து மூழ்கும் பயமும் இல்லை, ஏனென்றால் மிதப்பது மரமேதான். கவிழ்ந்தால் புரட்டிப் போட்டு மேலே ஏறிக்கொள்ளலாம். கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்தால் கலம் கட்டைகளாகப் பிரிந்துவிடும். ஆளுக்கொரு முனையாகத் தூக்கி அலைக்கு எட்டாத தூரத்தில் காயப் போடலாம். காயப் போடுவது அழகுக்காக அல்ல. இலகுவான மரம் தண்ணீரைக் குடிக்கும். குடித்தது வெளியேறாவிட்டால் மறுநாள் கலம் தாழ்ந்து போகும். ஆக, இந்தக் கலத்துக்கு மணற்கரைதான் துறைமுகம், மணற்கரைதான் பழுது பார்க்கும் பட்டறை.

கட்டும் முறையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தில் மூன்று கட்டையும் இருக்கும், ஐந்தும் இருக்கும், அதற்கு மேலும் இருக்கும். நடுமரம் நீளமாகவும் தாழ்வாகவும் கிடக்கும். பக்க மரங்கள் சற்றே உயர்ந்து நிற்கும். முன்பகுதியைச் செதுக்கி மேல்நோக்கி வளைத்துக் கூராக்கியிருப்பார்கள், எதிரலையில் ஏறுவதற்காக. இரு முனைகளிலும் குறுக்குக் கட்டை வைத்து, தேங்காய்நார்க் கயிற்றால் சுற்றிச் சுற்றி இறுக்குவார்கள். ஆணி கிடையாது. ஆணி அடித்த பலகை அலை முறுக்கும்போது விட்டுக்கொடுக்காது, பிளந்துவிடும். கயிற்றுக் கட்டு ஒவ்வொரு அலைக்கும் கொஞ்சம் நெகிழ்ந்து, மறுபடி இறுகும். நார்க்கயிற்றுக்கு உப்புநீர் பகையும் இல்லை. இந்தியப் பெருங்கடல் முழுக்கவே பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கப்பல் கட்டும் வழக்கம் இருந்தது. நடுக்கடலில் காந்தமலை ஒன்று இருக்கிறது, ஆணிகளை அது பிடுங்கிக்கொள்ளும், அதற்குப் பயந்துதான் தைக்கிறார்கள் என்று மேற்கே ஒரு கதை உலவியது. ஆறாம் நூற்றாண்டிலேயே பிரகோப்பியஸ் என்ற வரலாற்றாசிரியர் அது கட்டுக்கதை என்று எழுதிவிட்டார். காந்தமலையை நம்பியவர்கள் யாரும் சென்னை அலையில் படகு விட்டிருக்க மாட்டார்கள்.

யார் முதலில் கட்டியது என்று பெயர் சொல்ல முடியாத பொருள்களில் இதுவும் ஒன்று. ஆனால் பழைமைக்குச் சான்று இருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்துக் கரையிலிருந்து வியாபாரத்துக்கு வந்துபோன கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிவைத்த எரித்ரேயக் கடல் வழிநூல், கிழக்குக் கரையில் கமரா, பொதுகா, சோபத்மா என்று மூன்று துறைகளைச் சொல்கிறது. கரையோரமாகவே போய்வரும் உள்ளூர்க் கலங்கள், ஒற்றைக் கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய சங்கரா என்ற பெரிய கலங்கள், கங்கைக்கும் அதற்கப்பால் பொன்நாட்டுக்கும் போகும் மாபெரும் கப்பல்கள் என்று வகை பிரித்தும் சொல்கிறது. ஆக, பெரிய கப்பல் கட்டத் தெரியாததால் கட்டுமரத்தோடு நின்றுவிட்டவர்கள் அல்ல இந்தக் கரையினர். மரத்தைச் சேர்த்துக் கட்டும் கலை, பெரிய கப்பல்களோடு பக்கத்திலேயே வாழ்ந்தது. 1690-களில் இந்தப் பக்கம் வந்த ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் கட்டுமரத்தைப் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார். ஒரே ஒரு ஆளைத் தாங்கும் சின்ன வகை, பாயும் இல்லை சுக்கானும் இல்லை, உட்கார்ந்தவரின் கால் எப்போதும் தண்ணீரில்தான் என்பது அவர் கண்டது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாண மீன்துறைக்கு இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் என்பவருக்கு நாம் பெரிய கடன் பட்டிருக்கிறோம். கரை கரையாகச் சுற்றி, ஒவ்வொரு வட்டாரத்துக் கட்டுமரத்தையும் அளந்து, வரைந்து, எழுதி வைத்தார். ஆந்திரக் கரைக்கு வடக்கே போகப் போகக் கட்டைகள் படகு வடிவத்துக்கு நெருங்கி வருகின்றன. இந்தப் பக்கம் கயிற்றுக் கட்டு. ஆழக்கடலில் கோலா மீன் பிடிக்கப் போகும் கோலா மரத்துக்குக் கட்டைகள் அதிகம். கரையின் சரிவும் அலையின் பலமும் பிடிக்கும் மீனும் மாறும்போது கட்டும் மாறுகிறது. ஒரே பெயரில் ஒரு குடும்பமே இருக்கிறது.

சரி, மரம் எங்கிருந்து வந்தது? கதையில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். கடற்கரையில் மரத்துக்குப் பஞ்சமில்லை. பனை இருக்கிறது, தென்னை இருக்கிறது, புன்னை இருக்கிறது. ஆனால் எல்லாம் கனம். கட்டுமரத்துக்கு வேண்டியது பருத்து, நேராக உயர்ந்து, தூக்கினால் கனக்காத மரம். தணக்கு, மலைவேம்பு, முள்முருங்கை, பிற்காலத்தில் அல்பீசியா. முள்முருங்கை வேலியோரத்திலும் வளரும்தான். ஆனால் ஒரே கட்டையில் முன்முனை முதல் பின்முனை வரை செதுக்கும் அளவுக்கு நீண்ட அடிமரம் மலையிலும் மலையடிவாரத்திலும்தான் கிடைக்கும். அந்தக் காடுகளில் வெயிலைப் பிடிக்கப் போட்டி போட்டுக்கொண்டு வேகவேகமாக வளரும் மரங்கள் உண்டு. வேகமாக வளர்ந்தால் நார் நெருக்கம் குறைவு, மரம் இலகு. நிதானமாக வளரும் தேக்கு கனமும் உறுதியுமாக நிற்கும். பேப்பூரில் உரு என்று பெரிய மரக்கப்பல் கட்டுகிறார்களே, அது தேக்கு. சென்னைக் கரைக்கு வந்தது காட்டின் அவசரக்கார மரம்.

அவசரமாக வளரச் செய்தது மழை. அரபிக் கடலிலிருந்து ஈரத்தோடு வரும் தென்மேற்குக் காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை மறித்துப் பிழிந்துவிடுகிறது. மலைக்கு அந்தப் பக்கம் அடர்காடு, இந்தப் பக்கம் மழை மறைவு. அந்தப் பக்கத்து ஆறுகள் குட்டையானவை, வருடம் முழுக்க நீருள்ளவை. கடலோரத்தில் காயல்களாகப் பரந்து நிற்பவை. முசிறித் துறை அங்கேதான் இருந்தது. மிளகுக்கொடி படர்ந்ததும் அந்த மழையில்தான். அகஸ்டஸ் காலத்தில் எகிப்தின் மயோஸ் ஹோர்மோஸ் துறையிலிருந்து வருடத்துக்கு 120 கப்பல்கள் இந்தியாவுக்குக் கிளம்பின என்று கிரேக்கப் புவியியலாளர் ஸ்டிராபோ எழுதியிருக்கிறார். செங்கடல் கரையில் பெரெனிகே என்ற பழைய துறையைத் தோண்டியபோது, கோவில் முற்றம் ஒன்றில் இந்தியப் பானைக்குள் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே கிடைத்தது. கப்பல் உடைத்து மறுபடி கட்டடத்துக்குப் பயன்படுத்திய தேக்கு மரமும் அங்கே கிடைத்திருக்கிறது.

மலை மனிதரை அடைத்து வைக்கும், கடல் திறந்து விடும் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு பாடம் படித்திருப்போம். தமிழ்நாட்டுக்கு அது பொருந்தாது. இங்கே மலைக்கு வாசல் இருந்தது, கடலுக்குத்தான் வாசல் இல்லை. வடக்கே 2,637 மீட்டர் உயரத்தில் தொட்டபெட்டா, தெற்கே 2,695 மீட்டரில் ஆனைமுடி. இரண்டுக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லாமல் தணிந்து கிடக்கிறது பாலக்காட்டுக் கணவாய். அந்த வழியில் பண்டம் போயிற்று, பொன் வந்தது. நொய்யல் கரையில் கொடுமணல். 1980-களிலிருந்து தமிழ்ப் பல்கலைக்கழகத்தாரும் மற்றவர்களும் தோண்டிப் பார்த்ததில் மணி செய்யும் பட்டறைகளும், இரும்பு உருக்கிய உலைகளும், பானையோடுகளில் தமிழி எழுத்தில் கீறிய பெயர்களும் வந்தன. பக்கத்துப் படியூரில் பச்சைக்கல். சென்னிமலையில் இரும்புத் தாது. கோவை வெள்ளலூரில் புதையல் புதையலாக உரோமக் காசுகள். நீலகிரி உச்சியிலும் உலகம் எட்டியிருந்தது. 1870-களில் நீலகிரி ஆணையராக இருந்த பிரீக்ஸ் அங்கேயுள்ள பழைய கற்குவியல் சமாதிகளைத் தோண்டியபோது வெண்கலக் கிண்ணங்களும் பொன் நகைகளும் கிடைத்தன. இன்று அவை அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

கிழக்குக் கரையிலும் பெரிய துறைகள் எழுந்தன என்பது தெரிந்ததுதான். கொற்கை, காவிரிப்பூம்பட்டினம், அரிக்கமேடு. எல்லாமே ஆற்றுவாய்களை நம்பியவை. ஆறு வழி மாறினால், வாய் தூர்ந்தால், துறைக்கு முடிவு. கொற்கை இன்று கடலை விட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே ஒரு கிராமம். மேற்கிலும் இது நடந்தது. 1341-இல் பெரியாற்றில் வந்த வெள்ளம் பழைய முசிறிப் பக்கத்தை மேடாக்கி, கொச்சிக்கு வழிதிறந்துவிட்டதாகச் சொல்வார்கள். துறைமுகங்கள் பிறந்தன, பேர் வாங்கின, மணலுக்குள் போயின. ஆற்றுவாயே தேவைப்படாத கட்டுமரம் மட்டும் எல்லாவற்றுக்கும் பிறகும் கரையில் காய்ந்துகொண்டிருந்தது.

உலகத்தின் மறுகோடியில் இதற்கு ஒரு சொந்தம் உண்டு. தென் அமெரிக்காவின் மேற்குக் கரை. அங்கேயும் நேரான கரை, ஒதுங்க இடமில்லாத அலை, முதுகுக்குப் பின்னால் ஆண்டீஸ் மலை. பெரு நாட்டின் ஊவான்சாக்கோ கிராமத்து மீனவர்கள் கோரையைக் கட்டிச் செய்த ஓராள் மிதவையில் இன்றும் அலையேறிப் போகிறார்கள். மலைக்கு மேலே டிட்டிகாகா ஏரியிலும் அதே கோரைப் படகு. ஈக்வடார் பக்கம் பால்சா மரம். அதுவும் மழைக்காட்டில் அவசரமாக வளரும் மரம்தான். 1526-இல் ஸ்பானியத் தளபதி பிசாரோவின் மாலுமி பார்த்தலொமே ரூயிஸ், பாய் விரித்துச் சரக்கோடு போன பால்சா மிதவையைக் கடலில் எதிர்கொண்டார். 1947-இல் தோர் ஹெயர்டால் ஈக்வடார் காட்டில் பால்சா வெட்டி, ஆற்றில் மிதக்கவிட்டுக் கொண்டுவந்து, கயிற்றால் கட்டி, 101 நாளில் பாலினேசியா போய்ச் சேர்ந்தார். தென் அமெரிக்காவிலிருந்து போனவர்கள்தான் பாலினேசியாவில் குடியேறினார்கள் என்று அவர் அதை வைத்து நிறுவ நினைத்த கொள்கையை அறிஞர்கள் ஏற்கவில்லை. கயிற்றுக் கட்டு தாங்கும் என்பதை மட்டும் யாரும் மறுக்க முடியவில்லை. ஒருவரை ஒருவர் பார்க்காத இரண்டு கரைகள் ஒரே விடைக்கு வந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. கேள்வித்தாள் ஒன்று.

இப்படி வாசலில்லாத கரையில்தான் 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இடம் வாங்கினார்கள். வடக்கே பழவேற்காட்டு ஏரியோரம் டச்சுக்காரர்கள் ஏற்கெனவே கோட்டை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். கம்பெனியின் கண் இருந்தது துணிமேல். துறைமுகம் இல்லாத குறையை இந்தக் கரையின் ஆட்கள் நிரப்பினார்கள். கப்பல்கள் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். ஆணியில்லாமல் நாரால் தைத்த மசூலாப் படகு சரக்கையும் ஆளையும் ஏற்றிக்கொண்டு அலையைத் தாண்டும். பலகைகள் நெகிழும் என்பதால் மணலில் மோதினாலும் உடையாது. பயணிகள் தண்ணீரில் விழுந்தால் தூக்கிவிடக் கட்டுமரக்காரர்கள் கூடவே போவார்கள். மசூலாவும் போக முடியாத அளவுக்குக் கடல் பொங்கினால் கட்டுமரம் மட்டும் போகும். ஓலைத் தொப்பிக்குள் நனையாமல் கடிதத்தை வைத்துக்கொண்டு கப்பலுக்கும் கோட்டைக்கும் தபால் கொண்டுபோனவர்கள் அவர்கள். கம்பெனியின் எத்தனை உத்தரவுகள் ஒரு மீனவரின் தலையில் பயணம் போயிருக்கும்!

அக்டோபர் 15 வந்துவிட்டால் கோட்டைக் கொடிமரம் இறங்கிவிடும். டிசம்பர் 15 வரை புயல் காலம், கப்பல்கள் சென்னைக் கடலில் நிற்கக் கூடாது என்று பொருள். அந்தக் கணக்கை மதிக்காதவர்களுக்கு விலை உண்டு. 1746 செப்டம்பரில் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லபூர்தொனே அக்டோபர் நடுவிலும் கப்பல்களைக் கரையோரம் நிறுத்தி வைத்திருந்தார். ஒரே இரவுப் புயலில் அவருடைய கடற்படை சின்னாபின்னமானது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கம்பெனியாரும் பின்னால் வந்த அரசும், கரைக்கு இல்லாததைக் கையால் செய்துவிடலாம் என்று இறங்கினார்கள். மேற்குக் கரைக்குக் காயல் இருக்கிறது, இங்கே இல்லை. வெட்டினார்கள். 1806-இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தொடங்கிய கால்வாய்தான் நீண்டு நீண்டு பக்கிங்காம் கால்வாயானது. உப்பும் விறகும் அலையில் ஆடாமல் பேசின் பிரிட்ஜ் வரை படகில் வந்தன. அடுத்து, மலை வாசலைக் கரையோடு இணைக்க வேண்டும். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு முதல் ரயில் கிளம்பியது. பெரம்பூர்ப் பட்டறையும் அதே ஆண்டுதான். ஆறே வருடத்தில் தண்டவாளம் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பேப்பூர் கடற்கரையைத் தொட்டது. உரோமக் காசு நடந்த வழி. பொறியாளர்கள் சரித்திரம் படித்துவிட்டு அந்த வழியைத் தேர்ந்தெடுக்கவில்லை. மலையைக் குடையாமல் மறுபக்கம் போக வேறு வழி கிடையாது, அவ்வளவுதான்.

ரயில் மரத்தைத் தின்றது. தண்டவாளத்துக்கு அடியில் குறுக்குக் கட்டை, பெட்டிக்குப் பலகை, ஆரம்ப காலத்தில் எஞ்சினுக்கு விறகு. சென்னை மாகாணத்தில் வனத்துறை என்று ஒன்று ஏற்பட்டு ஹியூ கிளெக்ஹார்ன் அதன் முதல் காப்பாளரானதும் 1856-இல்தான் என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். மலைக்காட்டை ரயில் காலி செய்துவிடும் என்ற கவலை அவர் எழுதியவற்றில் நிறையவே உண்டு. மலையிலிருந்து கீழே இறங்கும் மரத்துக்கு இதுவரை கேட்காத வாடிக்கையாளர் வந்துவிட்டார். எங்கள் ஊர்தான் அந்த வாடிக்கையாளர் என்பதை மறைத்துப் பயனில்லை.

கடைசியாகக் கடல். 1861-இல் 1,100 அடி நீளத்துக்கு இரும்புப் பாலத்துறை ஒன்றைக் கடலுக்குள் நீட்டினார்கள். 1868-இலும் 1872-இலும் புயல் காலத்தில் அது அடிபட்டது. பிறகு வில்லியம் பார்க்ஸ் என்பவரின் திட்டப்படி 1876-இல் கல்சுவர்களை எழுப்பித் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். கிழக்கு நோக்கி வாசல். 1881 நவம்பர் புயலில் சுவரின் பெரும்பகுதி சரிந்தது. மறுபடி கட்டி முடிக்க 1896 ஆயிற்று. வடக்கே நடந்துகொண்டிருந்த மணல் இப்போது சுவரில் முட்டி நின்றது, சுவரைச் சுற்றி வந்து கிழக்கு வாசலிலேயே படிந்தது. 1904-இல் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங் கிழக்கு வாசலை அடைத்து வடகிழக்கில் புது வாசல் திறந்தார். சென்னைத் துறைமுகம் உருப்படியானது அதற்குப் பிறகுதான். 1912-இல் அதே ஸ்பிரிங்கின் அலுவலகத்தில் 30 ரூபாய் சம்பளக் குமாஸ்தாவாக ஒருவர் சேர்ந்தார். பெயர் சீனிவாச ராமானுஜன். மணல் கணக்கை யாராவது அவரிடம் கொடுத்துப் பார்த்திருக்கலாம்.

ஏனென்றால் அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து கோட்டை மதிலைத் தொட்ட கடல் விலகிப் போனது. நாம் காற்று வாங்கும் மெரினா மணலின் அகலம் இப்படி வந்தது. வடக்கே போக வேண்டிய மணலைத்தான் தெற்கே பிடித்து வைத்திருக்கிறோம். சுவருக்கு வடக்கே அலை மட்டும் வந்தது, மணல் வரவில்லை. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று கரையைக் கடல் அரித்துக்கொண்டே போயிற்று. தெருக்கள் போயின, வீடுகள் போயின. கருங்கல்லைக் கொட்டினார்கள். 1980-களில் காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகம் எழுந்தது. விசைப்படகுகளுக்கு அதனால் நல்ல காலம். அதன் சுவரும் மணலை மறித்தது, அரிப்பு இன்னும் வடக்கே நகர்ந்தது. எண்ணூரில் 2001-இல் திறந்த துறைமுகத்துக்கும் அடுத்த காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கும் இதே கதை. அரிப்புக்கு அஞ்சும் எல்லை இன்று பழவேற்காடு.

மணற்கரையே துறைமுகமாக இருந்த ஒரு கலத்துக்கு மணற்கரை போய்விட்டால் என்ன மிஞ்சும்? கருங்கல் குவியலில் கட்டுமரத்தை இழுத்து ஏற்ற முடியாது, கட்டையைப் பிரித்துக் காயப் போட முடியாது. பல குப்பங்களில் இப்போது தூண்டில் வளைவு கேட்டுத்தான் மனு கொடுக்கிறார்கள். கரையிலிருந்து கடலுக்குள் கல் நாக்கை நீட்டினால் அதன் ஓரத்தில் கொஞ்சம் மணல் தங்கும், படகை ஏற்றலாம். ஆனால் இங்கே தங்கும் மணல் அடுத்த குப்பத்துக்குப் போக வேண்டியது. அவர்களும் கேட்பார்கள். கேட்காமல் என்ன செய்வார்கள்?

மலைப்பக்கமும் கை விரித்துவிட்டது. காட்டு மரத்துக்குக் கட்டுப்பாடு வந்தது, தடித்த இலகுமரம் அருகிப் போனது, கிடைத்ததின் விலை ஏறியது. 1979 முதல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிய ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம், அலையைத் தாண்டிக் கரையேறக்கூடிய புதிய படகுகளை வடிவமைக்கப் பல ஆண்டுகள் முயன்றது. ஃபைபர் படகுகள் மெல்ல மெல்ல வந்தன. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கட்டுமரங்கள் மொத்தமாக அடித்துப் போனபின், நிவாரணமாக வந்தவற்றில் பெரும்பாலும் ஃபைபர்தான். ஒரே வருடத்தில் கரையின் நிறமே மாறிவிட்டது.

இப்போது ஃபைபர் கட்டுமரம் என்றே ஒன்று ஓடுகிறது. கட்டு இல்லை, மரமும் இல்லை. பின்னால் மோட்டார் மாட்டியிருக்கும். ஆனால் முன்முனை அதே பழைய வளைவில் மேலே தூக்கியிருக்கிறது. உடலைக் குழிவாக விடாமல் மேலேயும் மூடி, உள்ளே தெர்மோகோல் அடைத்திருக்கிறார்கள். விழுந்த அலை நிற்க இடமில்லாமல் பக்கவாட்டில் வழிந்து போகிறது.